ஒன்பதாம் மாடிக் கதவில் நூற்றுப்பத்து வோல்ட்

அவளை முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கே நான் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி நல்லவிதமாக எழுதினால் எனக்கே அடுக்காது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்காது. எங்கள் கட்டடத்தில் இது எல்லோருக்கும் தெரியும். செக்ரட்டரி என்னைப் படிக்கட்டில் பார்த்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுகிற மாதிரி நழுவிவிடுவார்.

நான் தையல்காரி. ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஒன்றில் தையல் மெஷினும் வெட்டுகிற மேஜையும் துணி மூட்டைகளும். இன்னொன்றில் என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை, காலில் தெம்பில்லை, சக்கர நாற்காலிதான். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இரண்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். தவறினால் அவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த முறை வரைக்கும் உடம்பில் நீர் ஏறி மூச்சு வாங்கும். ஒரு தடவை அப்படி ஆகி அவர் உதடு நீலமானதைப் பார்த்தவள் நான். அதனால் லிப்ட் நின்றால் எனக்கு ஈரக்குலையே நடுங்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லிப்ட் நின்றது.

மாதாந்திர சர்வீசுக்கு யாரோ புது ஆள் வந்திருப்பதாகக் கீழிருந்து குரல் வந்தது. கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜையில் எறிந்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். அங்கேதான் மெஷின் ரூம். மோட்டார் சூடும் கிரீஸ் வாடையுமாக, நாலு பேர் நின்றால் முட்டிக்கொள்கிற அறை. பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, இடுப்பில் கருவிப் பை, முன்கையில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு.

"யாரைக் கேட்டு நிறுத்துன?" என்றேன்.

"நான் நிறுத்தலக்கா. இதைக் கழட்டினேன், அது நின்னுபோச்சு."

கையில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு வயர். இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப்.

"அப்ப திரும்பப் போடு."

"முடியாது."

"என் வீட்டுக்காரரு ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். போகலைன்னா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?"

"தெரியுது. அதுக்குள்ள சரி பண்ணப் பாக்குறேன். வயரு மட்டும் போட மாட்டேன்."

அப்போதுதான் கை ஓங்கினேன். அவள் தலையைக்கூட விலக்கவில்லை. "அடிச்சிட்டுப் போங்க. அடிச்சாலும் போட மாட்டேன்" என்றாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அந்த வயர் என்ன செய்கிறது என்று அவளே சொன்னாள். எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு லிப்ட் கதவு. ஒவ்வொரு கதவிலும் ஒரு கொக்கி, கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச். கொக்கி விழுந்தால்தான் சுவிட்ச் சேரும். பன்னிரண்டு சுவிட்சும் ஒரே வயரில், ஒன்றன்பின் ஒன்றாக. கரண்ட் எல்லாவற்றின் வழியாகவும் போய்த்தான் கடைசியில் ரிலே என்கிற காந்த சுவிட்சுக்கு வர வேண்டும். ரிலே இழுத்தால்தான் மோட்டார் சுற்றும். எங்கேயாவது ஒரு கதவு திறந்திருந்தால் கரண்ட் அங்கேயே நின்றுவிடும், லிப்டும் நகராது. இந்தச் சிவப்பு வயர் முதல் கதவுக்கு முன்னால் ஒரு கிளிப், கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு கிளிப் என்று மாட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டையும் விட்டுவிட்டுக் குறுக்கே போகிற வழி. எந்தக் கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் லிப்ட் பாட்டுக்கு ஓடும்.

"எங்க வேலையில இதுக்கு ஜம்பர்னு பேரு. சோதிக்க அஞ்சு நிமிஷம் போடுவோம். போகும்போது எண்ணிப் பார்த்து எடுத்துட்டுப் போகணும். என் பையில மூணு வயரு வெச்சிருக்கேன், மூணையும் எண்ணாம படி இறங்க மாட்டேன். எனக்கு முன்னாடி வந்த மகராசன் விட்டுட்டுப் போயிருக்கான்."

மூச்சு வாங்கிக்கொண்டு செக்ரட்டரி வந்து சேர்ந்தார். அவர் குடித்தனக்காரர்களின் சங்கத்துக்குச் செயலாளர். அந்தப் பதவி கிடைத்ததிலிருந்து அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மறந்துட்டுப் போகலம்மா, நாங்கதான் விட்டுட்டுப் போகச் சொன்னோம்" என்றார். "லிப்ட் அடிக்கடி நடுவுல நின்னுச்சு. மூணு மாசம் முன்னாடி இந்த மேடம்தான் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, என்ன பண்ணுவியோ தெரியாது, லிப்ட் ஓடியே ஆகணும்னு கத்தினாங்க."

"ஆமா, கத்தினேன். அதுக்கென்ன இப்போ?" என்றேன். அப்போது எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

செக்ரட்டரி கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் குரல் எடுத்த எடுப்பிலேயே எரிந்து விழுந்தது. "ஓடுற லிப்டை எதுக்கும்மா நோண்டுற? வயரை மாட்டிட்டுக் கிளம்பு."

"சரி சார். 'ஜம்பரோட ஓட்டச் சொல்றேன்'னு ஒரு வரி எழுத்துல அனுப்புங்க."

"எழுத்துல எல்லாம் எதுக்கு? வாயால சொல்றேன்ல?"

"வாயால சொன்னா முடியாது சார்."

"அப்ப நீ இறங்கி வா. வேற ஆளை அனுப்புறேன். நாளையிலேர்ந்து நீ வரவே வேண்டாம்."

அவள் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தாள். மோட்டாருக்குப் போகிற பெரிய சுவிட்சைக் கீழே தள்ளி, அதன் துளையில் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள். "பூட்டிட்டேன் சார். பூட்டுல என் நம்பர் இருக்கு. வர்ற ஆள்கிட்ட சொல்லுங்க, உடைக்கிறதுன்னா முதல்ல அதை நோட்டுல எழுதிட்டு உடைக்கட்டும்."

போன் கட்டானது. ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் சொந்தப் பூட்டு உண்டாம். போட்டவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டமாம். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், இவள் வேலை போகப் போகிறதே, கொஞ்சமாவது பயப்படுகிறாளா பார் என்ற வியப்பு ஒரு பக்கம்.

அவள் கதையைப் பிற்பாடு அவளே சொன்னாள். ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஒன்பது வருஷம் லிப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்தியவள். பிறகு புது லிப்ட் வந்தது. வாடிக்கையாளர்களே அழுத்திக்கொள்வார்கள், ஸ்டூலும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்றார்கள். நேரே லிப்ட் கம்பெனிக்குப் போய், "ஒன்பது வருஷம் உள்ள இருந்துட்டேன், இனிமே வெளிய இருந்து பாக்குறேன்" என்று வேலை கேட்டிருக்கிறாள். சிரித்தார்களாம். சிரித்து முடிக்கிறவரை நின்றுகொண்டே இருந்தாளாம். கருவிப் பை தூக்குகிற வேலை கொடுத்தார்கள். கணவன் பற்றிக் கேட்டால், "அது என் லைன்ல இல்லக்கா" என்று முடித்துவிடுவாள்.

மெக்கானிக் ஆக ஒரு பரீட்சை உண்டு. இரண்டு தடவை தோற்றாள், இரண்டு தடவையும் ஒரே கேள்வியில். வரிசையாகக் கோத்த சுற்றில் ஒரு இடத்தில் வயர் அறுந்தால், அறுந்த இடத்தின் இரு பக்கத்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட்? "கரண்டே போகலையே, பூஜ்யம்தானே?" என்று எழுதியிருக்கிறாள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இரண்டாம் முறை தோற்ற அன்று டார்ச் செல் நாலு, சின்ன பல்பு நாலு வாங்கிவந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். நாலு செல்லும் சேர்ந்து ஆறு வோல்ட். நாலு பல்பையும் வரிசையாகக் கோத்தாள், மங்கலாக எரிந்தன. வோல்ட் அளக்கிற மீட்டரை வைத்தால் ஒவ்வொன்றின் மேலும் ஒன்றரை. நாலு ஒன்றரை ஆறு, கணக்குச் சரி. ஒரு பல்பைக் கழற்றினாள். மற்ற மூன்றும் அணைந்தன. அவற்றின் மேல் மீட்டர் வைத்தால் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கடைசியாக, பல்பே இல்லாத அந்தக் காலி ஹோல்டரில் வைத்தாள். முழுசாக ஆறு! அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லையாம். மூன்றாம் தடவை பாஸ்.

மெஷின் ரூமுக்கு வருகிறேன். மணி பதினொன்று ஆகப் போகிறது. செக்ரட்டரி கீழே இறங்கிவிட்டார். நான் இறங்கவில்லை. இவள் என்ன கிழிக்கிறாள் என்று பார்க்காமல் போவதில்லை என்று வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

பெரிய சுவிட்ச் மோட்டாருக்குத்தான். கதவுகளுக்குப் போகிற நூற்றுப்பத்து வோல்ட் தனி. அதைப் போட்டாள். எல்லாக் கதவும் சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் ரிலே முழுசாக இழுக்காமல் கிர்ரென்று நடுங்கியது. ஒவ்வொரு மாடிக் கதவின் வயரும் மேலே வந்து அந்தப் பேனலில்தான் முடிகிறது. கரண்டை நிறுத்தி ஒவ்வொன்றாகத் தொட்டாள். மீட்டர் பன்னிரண்டு தடவையும் பீப், பீப் என்று கத்தியது.

"எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொல்லுது?" என்றேன் கிண்டலாக.

"பழைய ஆளும் இதைக் கேட்டுட்டுத்தான் கைய விரிச்சிருக்கான். பீப்புன்னா வழி இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். வழி எவ்வளவு நெருக்கம்னு அது சொல்லாது. கரண்டை ஓடவிட்டுப் பாக்கணும். அக்கா, எழுதிக்கிறீங்களா?"

இடுப்பில் துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டி இருந்தது. மறுபடி கரண்டைப் போட்டு, ஒவ்வொரு கதவின் இரண்டு பக்கமும் மீட்டர் முனையை வைத்து எண்ணைச் சொன்னாள். நான் சுவரில் எழுதினேன். தரைத்தளம் ஐந்து. முதல் மாடி இரண்டு. இரண்டாம் மாடி மூன்று. இப்படியே பதினோராம் மாடி வரைக்கும். ஐந்தாம் மாடி நாலு, ஒன்பதாம் மாடி நாலு. "கூட்டுங்க" என்றாள். முப்பத்தாறு.

"ரிலே மேல எவ்வளவுன்னு பாருங்க" என்று மீட்டரை என் பக்கம் திருப்பினாள். எழுபத்துநாலு.

"எழுபத்துநாலும் முப்பத்தாறும்..."

"நூத்திப்பத்து. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. ஒரே வழிதான் இருக்கு. அந்த வழியில யார் யார் எவ்வளவு தடுக்குறாங்களோ, அதுக்குத் தகுந்த பங்கை எடுத்துக்குவாங்க. எல்லார் பங்கையும் கூட்டினா கொடுத்தது அப்படியே வரும். கதவு சுவிட்சு எதுவும் எடுக்கவே கூடாது. ஆனா அழுக்கு, கரி. பன்னெண்டும் கொஞ்சம் கொஞ்சம் தின்னுடுச்சு. ரிலே இழுக்கக் குறைஞ்சது எண்பத்தெட்டு வேணும்."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. "அடிப்பாவி, இது தையலுக்கு விடுற துணி!" என்றேன். ஒரு தையல் அரை அங்குலம் தின்னும், அதை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். பன்னிரண்டு தையல் போட்டுவிட்டு அளவெடுத்தால் ஆறங்குலம் காணாமல் போயிருக்கும், இடுப்பு ஏறாது. எந்தத் தையலையும் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் எல்லாத் தையலிலும் இருக்கிறது. அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இதைப் பரீட்சைக்கு முன்னாடி யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா" என்றாள்.

பன்னிரண்டு சுவிட்சையும் சுத்தம் செய்ய வேண்டும், மணி பதினொன்றேகால். கரண்டை நிறுத்திவிட்டு மேலிருந்து தொடங்கினோம். அவள் தனிச்சாவி போட்டுக் கதவைத் திறப்பாள். சுவிட்சில் ஏறிய கரியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் துணியால் துடைப்பாள். திறந்த கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, யாரும் கிட்ட வராமல் நான் காவல். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் வந்து திட்டினார். அதற்குள் கட்டடமே அவளுக்கு முடியாதம்மா என்று பேர் வைத்திருந்தது. ஏழாம் மாடியில் ஒருவர், "ஓடிக்கிட்டிருந்த லிப்டைக் கெடுத்துட்டீங்களே" என்றதும், "மூணு மாசமா கதவுக்குக் காவலே இல்லாத லிப்ட்ல போயிருக்கீங்க, வீடு வந்து சேர்ந்ததுக்குச் சந்தோஷப்படுங்க" என்று நானே பதில் சொன்னேன். காலையில் நான் சொன்னதையே அவர் சொல்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு மணிக்குத் தரைத்தளம் முடிந்தது. லிப்ட் பெட்டி அங்கேதான் நின்றது. திரும்ப மொட்டைமாடி வரைக்கும் ஏறினோம். என் முழங்கால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. கரண்டைப் போட்டாள். ரிலே இப்போது நடுங்கக்கூட இல்லை. செத்துக் கிடந்தது.

"முடிஞ்சுது, போ" என்று நான் அப்படியே சுவரில் சாய்ந்தேன். அழுகை வந்தது. மணி ஒன்று பத்து.

அவள் ஒவ்வொரு கதவாக மீட்டரை வைத்துக்கொண்டே போனாள். தரைத்தளம் பூஜ்யம். ஒன்று பூஜ்யம். எட்டு வரைக்கும் பூஜ்யம். அப்புறம் கையை எடுக்காமல் நின்றாள்.

"ஒன்பது. நூத்திப்பத்து."

"நூத்திப்பத்துன்னா நல்லதுதானே?"

"அறுந்த இடத்துலதான் முழுசும் வந்து நிக்கும். நான் ரெண்டு தடவை தோத்த கேள்விக்கா இது. உங்க மாடிக் கதவு பூட்டல."

இறங்கினோம். எங்கள் மாடிக் கதவு பார்வைக்கு நன்றாகத்தான் சாத்தியிருந்தது. அவள் சாவி போடவில்லை. ஒற்றை விரலை இடுக்கில் கொடுத்து இழுத்தாள். கதவு திறந்துகொண்டது. உள்ளே பெட்டி இல்லை. கீழே ஒன்பது மாடி இருட்டு, நடுவில் இரண்டு கம்பிக் கயிறு. குளிர்ந்த காற்று என் முகத்தில் அடித்தது.

பூட்டுப் பெட்டிக்குள் ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. கொக்கி சில நேரம் விழும், சில நேரம் விழாது. துடைத்து மூடியபோது விழுந்தது, அப்புறம் நழுவிவிட்டது. ஒடிந்த முனையில் துரு ஏறியிருந்தது. "இது ஒடிஞ்சு மாசக்கணக்கா ஆச்சு" என்றாள். "வயரு இல்லாம இருந்திருந்தா, கொக்கி விழாதப்ப லிப்ட் இந்த மாடியை விட்டே போயிருக்காது. வயரு இருந்ததால கதவைப் பூட்டாமலே போயிருக்கும். அக்கா, அவரை எப்படி உள்ள ஏத்துவீங்க?"

"கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, நான் முதல்ல பின்பக்கமா நடந்து போவேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கிட்டே."

மூன்று மாதம். வாரத்துக்கு இரண்டு நாள். கதவிலிருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக வெளிச்சம் தெரிந்தால் பெட்டி வந்துவிட்டது என்று நினைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு இந்த வாசலுக்குள் நடந்திருக்கிறேன். லிப்ட் ஓடியே ஆகணும் என்று கத்தியதும் நான்தான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் கதவை இழுத்துச் சாத்தி, அதற்குக் குறுக்கே தன் பையை வைத்து, நான் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

கம்பெனி ஸ்டோரில்தான் ஸ்பிரிங் கிடைக்கும். போய்வர இரண்டு மணி நேரம். செக்ரட்டரி மேலே வந்து விஷயத்தைக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரருக்காகத்தான் பேசினார். "மேடம், மத்த கதவெல்லாம் இப்ப சரியாயிடுச்சு. இந்த ஒரு கதவுக்கு மட்டும், இன்னிக்கு ஒரு நாள், அந்தச் சிவப்பு வயரைப் போட்டுக்கலாம். சாருக்கு நேரமாகுதுல்ல? நீங்க சொன்னா இந்தம்மா போட்டுடுவாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டு வாசலில், நாற்காலியில், ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தவரும் என்னைப் பார்த்தார்.

"முடியாது" என்றேன்.

"ஐயோ, வீட்டுக்குள்ளயே ஒரு முடியாதம்மா இருந்தாளா!" என்றார் என் வீட்டுக்காரர். "பிரேக் இல்லாத வண்டியை நான் டெப்போவை விட்டு வெளியில எடுத்ததே இல்ல. தூக்குங்கடா என்னை."

தூக்கினோம். நாற்காலியின் முன்பக்கம் அவளும் ஆறாம் மாடியிலிருந்து கூப்பிட்ட ஒரு சமையல்காரரும். பின்பக்கம் நானும் செக்ரட்டரியும். செக்ரட்டரி முதலில் தன் முதுகுவலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். ஒன்பது மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் என் வீட்டுக்காரர், "வளைவு, வளைவு, ஒடிச்சுத் திருப்பு" என்பார். ஐந்தாம் மாடியில் செக்ரட்டரி கெஞ்சியதால், "ஸ்டாப்பிங் ரெண்டு நிமிஷம்" என்று அறிவித்தார். இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் இருந்தோம். மூன்று மணிக்கு அவர் இடத்தில் அவர் படுத்திருந்தார்.

சாயங்காலம் ஏழரைக்குத் திரும்பி வந்தபோது லிப்ட் ஓடத் தயாராக இருந்தது, பூட்டை மட்டும் அவள் கழற்றவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றவர்களின் ஸ்டோருக்கே போய் நின்று, "இன்னிக்கு இன்னும் முடியலையே" என்று ஸ்பிரிங்கை வாங்கிவந்திருக்கிறாள். என்னை ஒன்பதாம் மாடிக்குப் படியேற வைத்து, பெட்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு, "இழுத்துப் பாருங்க" என்றாள். இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். கதவு அசையவில்லை. பிறகுதான் அவள் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று வயரையும் எண்ணிவிட்டு இறங்கினாள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் நேரிலேயே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு புகார்த் தாள். "நேத்து உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம்னு கேள்விப்பட்டேன். நடந்ததை எழுத்துல கொடுத்துட்டீங்கன்னா அந்தம்மாவை அனுப்பிடலாம்" என்றார். முந்தின நாள் அவள் கேட்டபோது ஒரு வரி எழுதக் கை வராத மனிதர்.

எழுதினேன். ஒன்றுக்கு இரண்டாக எழுதி, ஒன்றை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதை எப்படிம்மா நான் மேல கொடுக்குறது?" என்றார். எழுத்துலதானே கேட்டீங்க என்றேன். மேலே கொடுத்தால் அவர் தலை உருளும். கிழித்துப் போட்டால் என்னிடம் இன்னொன்று இருக்கிறது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர் அதைப் பற்றி இன்றுவரை மூச்சு விடவில்லை. முடியாதம்மா மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கிறாள். இன்னொரு தாளைத் தரைத்தளத்தில் லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். செக்ரட்டரி இரண்டு தடவை கிழித்தார், இரண்டு தடவையும் மறுபடி எழுதி ஒட்டினேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"பன்னிரண்டு கதவில் முப்பத்தாறு வோல்ட் போனது. ரிலேக்கு எழுபத்துநாலு வந்தது. கூட்டினால் நூற்றுப்பத்து, சரியாக இருக்கிறது. ஒன்பதாம் மாடிக் கதவு பூட்டாமல் இருந்தது. அது தெரியாதபடி மூன்று மாதம் ஒரு வயர் போட்டிருந்தது. போடச் சொல்லிக் கத்தியது நான். கழற்றியது அவள்."